அரை மணி நேரத்தின் விலை

பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறார் என்றால், வழியனுப்பு நிகழ்ச்சியில் பேசுகிற எல்லோரும் மனமார வாழ்த்துவார்கள். நிகழ்ச்சி முடிந்து நாலு பேர் தனியாக நின்று தேநீர் குடிக்கும்போது பேச்சு மாறிவிடும். இனி அவர் நம்மவர் இல்லை என்ற தொனி அதில் வந்துவிடும். எழுதுகிறவன் விற்கக் கூடாது, விற்கிறவன் எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் மதிக்கிற விதி. செய்திப் பிரிவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் மூத்தவர்கள் எங்களை வளர்த்தார்கள். அந்தச் சுவர் அவசியம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதைத் தாண்டிப் போகிறவர் எதைக் கையோடு எடுத்துப் போகிறார், எதை விட்டுவிட்டுப் போகிறார் என்று நாங்கள் யாரும் நிதானமாக யோசித்ததாக நினைவில்லை. சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

அதைக் கிளப்பிவிட்டவர் என்னோடு ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் வேலை பார்த்த பெண். நான் துணையாசிரியர், அவர் செய்தியாளர். சந்தை நிலவரம் எழுதும் பொறுப்பு அவரிடம் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதை ஒப்புக்குச் செய்கிற வேலையாகத்தான் நினைப்பார்கள். மண்டிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, நாலு எண்கள், முடிந்தது. இவர் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நேரில் போவார். எந்தக் கமிஷன் மண்டியில் எப்போது ஏலம் தொடங்கும், கேரளத்துக்குப் போகும் லாரிகள் எப்போது கிளம்பும், முருங்கைக்காய் வரத்து கூடினால் எத்தனை மணிக்கு விலை இறங்கத் தொடங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மறுநாள் காலையில் அச்சாகி வரும் விலையால் யாருக்கும் பயனில்லை என்பதை எங்களுக்கெல்லாம் முன்பே அவர் கண்டுகொண்டார். வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தைகளின் விலைகளைச் சுடச்சுடத் திரட்டி, மாதச் சந்தா கட்டுகிற விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் கைப்பேசியில் அனுப்பும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். தேநீர்ப் பேச்சில் அவரும் நம்மவர் இல்லாதவர் ஆனார்.

நிறுவனம் ஓரளவு காலூன்றிய சமயத்தில் அவர் என்னை அழைத்தார். பெரிய மண்டி நடத்தும் வியாபாரி ஒருவர், மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு அரை மணி நேரம் முன்னதாகத் தனக்கு மட்டும் விலையை அனுப்பினால் மூன்று மடங்கு சந்தா தருவதாகச் சொல்லியிருந்தார். "அண்ணா, நான் யாருக்கும் பொய் விலை சொல்லப் போறதில்ல. எல்லாருக்கும் அதே விலைதான் போகும், சொன்ன நேரத்துக்குத்தான் போகும். அவருக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடி போகும். இதுல என்ன தப்புன்னு எனக்குத் தெளிவாப் பிடிபட மாட்டேங்குது" என்றார். எனக்கும் அப்போது தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. தப்பு என்று உள்மனம் சொன்னது. ஏன் என்பதற்கான காரணம் கைக்கு எட்டவில்லை. விரைவு ரயிலுக்குக் கூடுதல் கட்டணம் இருக்கிறது, விரைவுத் தபாலுக்கும் இருக்கிறது. விரைவுச் செய்திக்கு மட்டும் ஏன் கூடாது?

பதில் தேடிப் போனபோதுதான், ஆண்டுக்கணக்காகச் செய்திகளின் கீழே பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ஒரு பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரின் வாழ்க்கை எனக்கு வேறு விதமாகத் தெரியத் தொடங்கியது. அவர், நாளிதழ்களுக்குச் செய்தி திரட்டி விற்கும் ராய்ட்டர்ஸ் முகமையைத் தொடங்கிய பால் ஜூலியஸ் ராய்ட்டர்.

ஆகன் நகரத்துப் புறாக்கள்

ராய்ட்டர் 1816ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரில் ஒரு யூத மத குருவின் மகனாகப் பிறந்தவர். இளமையில் கோட்டிங்கனில் உறவினரின் வங்கியில் வேலை பார்த்தார். பிறகு பெர்லினில் புத்தக வெளியீட்டுத் தொழிலில் பங்குதாரரானார். 1848 புரட்சியின்போது அரசுக்குப் பிடிக்காத துண்டறிக்கைகளை அந்த நிறுவனம் வெளியிட்டது. அதையடுத்து அவர் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சார்ல் ஹவாஸ் நடத்திவந்த செய்தி முகமையில், வெளிநாட்டுப் பத்திரிகைச் செய்திகளைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. நாங்கள் துணையாசிரியர் மேசையில் இரவெல்லாம் செய்கிற அதே வேலை. வந்து குவியும் தாள்களில் எது செய்தி, எது செய்தியில்லை, எதை இப்போதே அனுப்ப வேண்டும், எது நாளைவரை தாங்கும் என்று தீர்மானிக்கிற கண் அங்கேதான் அவருக்கு வாய்த்திருக்க வேண்டும்.

1849இல் பாரிசிலேயே தனியாக ஒரு செய்தி மடலைத் தொடங்கினார். அவரும் மனைவி ஈடாவும் வீட்டிலேயே இருந்து மொழிபெயர்த்து, படியெடுத்து, ஜெர்மானிய நாளிதழ்களுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களிலேயே கடன் மூழ்கடித்தது. பத்திரிகையாளர்கள் தொழில் தொடங்கித் தோற்கிற வழக்கமான முறைதான் இது: தனக்கு எழுதத் தெரிந்ததை எழுதி, அதை யாராவது வாங்குவார்கள் என்று காத்திருப்பது. இரண்டாவது முயற்சியில் அவர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். யாருக்கு எது அவசரமாகத் தேவைப்படுகிறது என்று முதலில் பார்த்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் பெர்லினிலிருந்து பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஆகன் நகரம் வரை பிரஷ்ய அரசின் தந்தித் தடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மறுபக்கம் பாரிசிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வரை தந்தி வந்துவிட்டது. நடுவில் ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்குக் கம்பி இல்லை. பாரிஸ் பங்குச் சந்தையின் விலைகள் மின்னல் வேகத்தில் பிரஸ்ஸல்ஸுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர்ந்து, ஆகனில் மறுபடியும் மின்னலாக மாறின. இந்த இடைவெளியில்தான் ராய்ட்டர் கடை போட்டார். ஆகனில் மதுபானம் வடித்துக்கொண்டு புறாவும் வளர்த்த ஹைன்ரிஷ் கெல்லர் என்பவரிடம் பேசி நாற்பதுக்கும் மேற்பட்ட புறாக்களை ஏற்பாடு செய்தார். 1850 ஏப்ரலில் சேவை தொடங்கியது. புறா தன் கூட்டுக்கு மட்டுமே திரும்பிப் பறக்கும் என்பதால், ஆகன் புறாக்களைக் கூண்டில் வைத்து ரயிலில் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே சந்தை முடிந்ததும் விலைகளை மெல்லிய தாளில் எழுதிக் கட்டிப் பறக்கவிட்டார்கள். வழியில் பருந்துக்கோ புயலுக்கோ ஒன்று பலியானாலும் செய்தி தப்ப வேண்டும் என்பதற்காக ஒரே செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட புறாக்களில் அனுப்பினார்கள். பறவைகள் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். ரயில் வருவதற்குள் பெர்லினில் வியாபாரமே முடிந்துவிடும்.

புறாக் கதை எல்லோருக்கும் பிடித்தமானது. ராய்ட்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள். என் கவனத்தை நிறுத்தியது அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லப்படும் இன்னொரு செய்தி. ஆகனில் அவருடைய சந்தாதாரர்கள், பெரும்பாலும் வியாபாரிகளும் வங்கிக்காரர்களும், விலை கேட்க அவருடைய அலுவலகத்துக்கே வருவார்கள். புறா வந்து விலையைப் படித்துச் சொல்லி முடிக்கும்வரை அவர் அறைக் கதவைப் பூட்டி வைத்திருப்பாராம். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும், ஒரே நேரத்தில் வெளியே போக வேண்டும். முதலில் கேட்டவர் ஓடிப்போய் மற்றவரின் அறியாமையில் லாபம் பார்க்கக் கூடாது.

என் தோழியின் கேள்விக்கான பதில் அந்தப் பூட்டிய அறையில் இருந்தது. விரைவு ரயிலில் ஏறுகிறவர் முன்னதாகப் போய்ச் சேருவதால் பயணிகள் ரயிலில் வருகிறவருக்கு எந்த நட்டமும் இல்லை. விலைச் செய்தி அப்படிப்பட்டதல்ல. ஒட்டன்சத்திரத்தில் காலையில் சின்ன வெங்காயம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறிவிட்டது என்று ஒருவருக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால், அந்த ஐந்து ரூபாயை அவர் வானத்திலிருந்து பறிப்பதில்லை. பழைய விலைக்கே மூட்டையை அவிழ்த்துக் கொடுக்கிற விவசாயியின் மடியிலிருந்துதான் எடுக்கிறார். அந்த விவசாயியும் அதே சேவைக்குச் சந்தா கட்டியவராக இருக்கலாம். இன்னும் விலை வரவில்லை என்று கைப்பேசியைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு விற்றவராகவும் இருக்கலாம். அப்படியானால் சேவை நடத்துகிறவர் ஒரு சந்தாதாரரின் தாமதத்தை இன்னொரு சந்தாதாரருக்கு விற்கிறார். இதை அவரிடம் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். மண்டிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அவருடைய சந்தை அனுபவம் எனக்கில்லை என்பதால் அவர் உடனே சேர்த்துச் சொன்ன ஒன்றையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். "ராய்ட்டர் ரூம்ல பூட்டி வைச்சது காசு கட்டினவங்களத்தானே அண்ணா? வெளிய நிக்கிறவனுக்கு அவரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார். உண்மைதான். அந்த அறைக்கு வெளியே நின்ற சிறு வியாபாரியைப் பற்றி வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. சந்தாதாரர்களுக்குள் சமநீதி என்பது ஊருக்குச் செய்கிற நீதி அல்ல. ஆனாலும் சந்தாதாரர்களுக்குள்கூட நீதியில்லாத ஒரு சேவையிலிருந்து ஊருக்கு எந்த நன்மையும் வராது என்பதே என் எண்ணம்.

கம்பி வந்துவிட்ட பிறகு

ராய்ட்டரின் வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த திருப்பம் புறாக்களின் வெற்றியில் இல்லை. அது அந்தத் தொழிலின் முடிவில் இருக்கிறது. தந்திக் கம்பி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது. அந்தத் தடத்தை அமைத்துக்கொண்டிருந்தவர் பின்னாளில் பெரும் மின் நிறுவனமாக வளர்ந்த தொழிலின் முதல்வரான வெர்னர் சீமென்ஸ். தன் பணியால் பிழைப்பை இழக்கப்போகிற ஒரு புறா அஞ்சல்காரரையும் அவருடைய மனைவியையும் அங்கே சந்தித்ததை சீமென்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தங்கள் தொழிலைத் தந்தி அழித்துவிடும் என்று ஈடா அவரிடம் முறையிட்டிருக்கிறார். லண்டனுக்குப் போய் அங்கே தந்திச் செய்தி அலுவலகம் ஒன்றைத் தொடங்குங்கள் என்று சீமென்ஸ் அவர்களுக்கு யோசனை சொன்னார்.

இந்தச் சந்திப்பை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ராய்ட்டர் தன்னைப் புறா வளர்ப்பவராக நினைத்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். கூண்டுகளை விற்றுவிட்டுப் பெர்லினுக்குத் திரும்பியிருப்பார். தான் விற்றது நேரத்தை, புறா அதற்கு அந்தச் சமயத்தில் கிடைத்த வாகனம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது வங்கியா பத்திரிகையா என்று கேட்டால், நான் பத்திரிகை என்றுதான் சொல்வேன். ஒரு நிகழ்வு நடந்ததற்கும் அது தெரியவருவதற்கும் இடையே உள்ள தூரத்தைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிற தொழில் எங்களுடையது. எங்களில் பலர் அதை உணர்வதில்லை. வாக்கியங்களை அடுக்குவதுதான் நம் தொழில் என்று நினைத்துவிடுகிறோம். அச்சு போய்த் தொலைக்காட்சி வந்தபோதும், தொலைக்காட்சி போய்க் கைப்பேசி வந்தபோதும் எங்கள் அலுவலகங்களில் எழுந்த கலக்கத்தைப் பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கூண்டுகளைப் பற்றிய கவலையாகவே இருந்தது.

1851 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தைக்கு அருகே, ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, எடுபிடிக்கு ஒரு சிறுவனை வைத்துக்கொண்டு அவர் அலுவலகம் திறந்தார். அடுத்த மாதம் டோவருக்கும் கலேக்கும் இடையே ஆங்கிலக் கால்வாயின் அடியில் போடப்பட்ட கம்பிவடம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பங்கு விலைகள் ஓடத் தொடங்கின. வியாபாரிகள் வாங்கினார்கள், நாளிதழ்கள் சீந்தவில்லை. தங்களுக்குச் சொந்தச் செய்தியாளர்கள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று 'தி டைம்ஸ்' பலமுறை மறுத்துவிட்டது. ஏழு ஆண்டுகள் இப்படியே போயின. 1858இல் 'மார்னிங் அட்வர்டைசர்' ஆசிரியர் ஜேம்ஸ் கிராண்டைப் போய்ப் பார்த்து, இரண்டு வாரங்களுக்கு இலவசமாகத் தருகிறேன், பிடித்திருந்தால் மாதம் 30 பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளிநாட்டுத் தந்திகளுக்கு அந்த நாளிதழ் அப்போது மாதம் 40 பவுண்டு செலவழித்துக்கொண்டிருந்தது. கிராண்ட் ஒப்புக்கொண்டார், மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கடைசியில் டைம்ஸும் வந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நாடாளுமன்றத்தில் பேச இருந்தார். ஆஸ்திரியாவோடு போர் வருமா என்று ஐரோப்பாவே காத்திருந்தது. உரையின் படியை முத்திரையிட்ட உறையில் முன்கூட்டியே பெற்று, பேரரசர் வாய் திறந்த நொடியில் உறையைப் பிரித்து லண்டனுக்குத் தந்தியடித்தார்கள் ராய்ட்டரின் ஆட்கள். பேச்சு நடந்த அன்றே அது லண்டனில் அச்சாகி விற்றது. உறை முன்பே கையில் இருந்தும் அதைப் பிரிக்கவில்லை என்பதே இதில் முக்கியம். பிரித்திருந்தால் பங்குச் சந்தையில் ஒரே நாளில் பெருஞ்செல்வம் சேர்த்திருக்கலாம். அந்தப் போரில் அவர் எதிரெதிர்ப் படைகள் இரண்டின் பக்கத்திலும் செய்தியாளர்களை வைத்திருந்தார். ஒரே சண்டையைப் பற்றி இரு தரப்பும் சொன்னதை அப்படியே கொடுத்தார். இந்த நடுநிலையை அறம் என்று மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். பல கட்சி நாளிதழ்களுக்கு ஒரே செய்தியை விற்க வேண்டும் என்றால் அது எந்தக் கட்சிக்கும் சாயக் கூடாது. வியாபாரத் தேவையும் தொழில் அறமும் ஒரே திசையில் இழுத்த அபூர்வமான இடம் அது. அந்த இடத்தில் நின்றவரை அவருக்குச் சறுக்கலே இல்லை.

எங்கள் பக்கத்துக்கும் அந்தக் கம்பி வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை எகிறி, பம்பாயும் திருநெல்வேலிக் கரிசல் காடும் சில ஆண்டுகள் பணத்தில் மிதந்தன. 1865இல் போர் முடிந்த செய்தி பம்பாய்க்கு வந்து சேர்ந்தபோது விலை சரிந்து வணிகக் குடும்பங்கள் பல நொடித்துப் போயின. செய்தி என்றைக்கு வருகிறது என்பதே ஒருவரின் சொத்தைத் தீர்மானிக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட அந்த நகரத்துக்கு, அடுத்த ஆண்டே ராய்ட்டரின் முகவர் வந்து இறங்கினார். 1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்த பாரதியார் செய்த வேலையின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் வந்த செய்திகளைத் தமிழாக்குவது. தமிழ்ப் பத்திரிகை உரைநடையின் ஒரு வேர் அந்தத் தந்தி வாசகங்களில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதை விரித்து எழுத இது இடமில்லை.

பாரசீகம்

ஐம்பது வயதைத் தாண்டிய ராய்ட்டருக்குச் செய்தி மட்டும் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியின் நோர்டர்னை தீவுக்குக் கடலடிக் கம்பிவடம் போட்டார். தந்தித் துறையை பிரிட்டிஷ் அரசு தேசியமயமாக்கியபோது அதற்குப் பெருந்தொகை இழப்பீடாகக் கிடைத்தது. 1870இல் ஹவாஸ், வோல்ஃப், ராய்ட்டர் என்ற மூன்று முகமைகளும் செய்தி திரட்டி விற்பதற்காக உலகத்தைப் பாகம் பிரித்துக்கொண்டன. 1871இல் அவருக்கு பாரன் பட்டம் வந்தது. 1872 ஜூலையில் அவர் பாரசீக மன்னர் நாசிர் அல்தீன் ஷாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். காஸ்பியன் கடலிலிருந்து பாரசீக வளைகுடா வரை ரயில் பாதை போடும் உரிமை, பெரும்பாலான சுரங்கங்கள், காடுகள், பாசனப் பணிகள் எல்லாம் 70 ஆண்டுகளுக்கு அவர் கையில். போதாததற்குச் சுங்க வரி வசூலும் குத்தகைக்கு. பின்னாளில் இந்திய வைஸ்ராயாக வந்த கர்சன், ஒரு நாடு தன் தொழில் வளங்கள் அனைத்தையும் அந்நியர் கையில் ஒப்படைத்ததில் இதற்கு இணையே கிடையாது என்று எழுதினார். ஏகாதிபத்தியத்தின் உச்சியில் நின்ற கர்சனுக்கே அது மிகையாகத் தெரிந்தது.

ருஷ்யா எதிர்த்தது. பாரசீகத்தில் மத குருமார்களும் அரசவையினரும் கொதித்தார்கள். பிரிட்டிஷ் அரசு கைகொடுக்கவில்லை. 1873 நவம்பரில் ஷா ஒப்பந்தத்தை ரத்து செய்தார். ராய்ட்டர் கட்டியிருந்த 40,000 பவுண்டு பிணைத்தொகையும் அங்கேயே சிக்கிக்கொண்டது. பதினாறு ஆண்டுகள் வழக்காடி, 1889இல் ஈடாகப் பாரசீக இம்பீரியல் வங்கியைத் தொடங்கும் உரிமையைப் பெற்றார். அதற்குள் அவர் நிறுவனப் பொறுப்பை மகன் ஹெர்பர்ட்டிடம் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார்.

உலகத்தில் எங்கே என்ன நடக்கப்போகிறது என்பதை முன்னதாக அறிவதே தொழிலாகக் கொண்ட மனிதர், டெஹ்ரானில் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எப்படிக் கோட்டைவிட்டார்? பல வகையில் யோசித்தும் எனக்குக் கிடைப்பது ஒரே விடைதான். அதுவரை அவர் செய்தியைக் கொண்டுவருகிறவராக இருந்தார். பாரசீகத்தில் அவரே செய்தியாகிவிட்டார். தனக்கு ஆதாயம் உள்ள இடத்தில் எந்தச் செய்தியாளனின் கண்ணும் மங்கிப்போகும். கேட்க விரும்பியதை மட்டுமே காது கேட்கும். அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. அந்த நாட்களில் பாரசீகத்தைப் பற்றி ராய்ட்டர் பெயரில் வந்த ஒரு தந்தியை லண்டன் வியாபாரி என்ன மனநிலையோடு படித்திருப்பார்? எழுதியவர்கள் நேர்மையாகவே எழுதியிருக்கலாம். படித்தவருக்கு அதை அறிய வழியில்லை.

என் தோழிக்கும் இதே போன்ற ஓர் அழைப்பு வந்தது. இந்த முறை வேறொரு மண்டிக்காரர். நல்ல மனிதர் என்றே பெயர். உங்களுக்குத்தான் எல்லாச் சந்தையின் போக்கும் முன்கூட்டித் தெரிகிறதே, நாம் இருவரும் கூட்டாகச் சரக்கு எடுத்து விற்றால் என்ன என்று கேட்டார். யாருக்கும் முன்கூட்டி விலை சொல்ல வேண்டியதில்லை, சட்டத்துக்குப் புறம்பாக எதுவுமில்லை, வருமானமும் சந்தாவைப் போலப் பல மடங்கு. தோழி என்னிடம் கேட்டபோது இந்த முறை தயக்கமில்லாமல் வேண்டாம் என்றேன். வெங்காயம் வாங்கி வைத்திருக்கிறவர் வெங்காய விலையை அறிவிக்கும்போது, அந்த எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை நம்புவதற்குச் சந்தாதாரருக்குக் காரணம் இருக்காது. வியாபாரம் இழிவானது என்பதால் இதைச் சொல்லவில்லை. மண்டி நடத்துவது கண்ணியமான தொழில். விலை சொல்கிறவரும் சரக்கு வைத்திருப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இந்த வருமானத்தை விட்டால் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்கே திண்டாட்டம்தான் என்றார். கடைசியில் அதையும் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கு அவர் கொடுத்த விலை என்ன என்பது தேநீர் வட்டத்தில் யாருக்கும் தெரியாது.

சதானந்த்

அந்த வட்டத்தில் இருப்பவர்களுக்கு நான் நினைவூட்ட விரும்புகிற பெயர் சுவாமிநாதன் சதானந்த். தமிழர். ராய்ட்டரின் பிடியில் இருந்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா முகமையில் வேலை பார்த்தவர். இந்திய விடுதலைப் போராட்டத்தின் செய்திகள் அந்தக் கம்பிகளில் சுருங்கியும் நிறம் மாறியும் போவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், 1920களில் ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா என்ற முகமையைத் தானே தொடங்கினார். ராய்ட்டர் என்ற பெயர் அப்போது ஒரு தனிமனிதரின் பெயராக இருக்கவில்லை. பேரரசின் செய்திக் குழாயாக இருந்தது. ஆகன் நகரத்துப் பூட்டிய அறையில் தொடங்கிய சமநீதி, காலனி நாடுகளுக்கு வந்தபோது காணாமல் போயிருந்தது. அதை எதிர்த்து ஒரு பத்திரிகையாளர் முதலீடு திரட்டினார், கம்பிக் கட்டணம் கட்டினார், சம்பளம் கொடுத்தார்.

அவர் எடுத்த பெரிய முடிவு சொந்தமாக நாளிதழ்கள் தொடங்கியது. 1930இல் பம்பாயில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' வந்தது. சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அவர் கைக்கு வந்தது. 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியார் நினைவு நாளில், டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 'தினமணி' பிறந்தது. தமிழ் வாசகனுக்கு இதைவிடப் பெரிய கொடை அவரிடமிருந்து வந்திருக்க முடியாது. ஆனால் முகமைக்கு அது கேடாக முடிந்தது. அவரிடம் செய்தி வாங்கிய மற்ற நாளிதழ்கள் அவரைத் தங்கள் போட்டியாளராகப் பார்க்கத் தொடங்கின. ஒரு பக்கம் பத்திரிகைச் சட்டப்படி கட்டவைத்த பிணைத்தொகைகளை அரசு பறித்துக்கொண்டே இருந்தது. மறுபக்கம் ராய்ட்டரோடு போட்டி. முப்பதுகளின் நடுவில் முகமை மூடப்பட்டது. எக்ஸ்பிரஸும் தினமணியும் ராம்நாத் கோயங்கா கைக்குப் போயின. சதானந்த் 1953இல் காலமானார்.

ராய்ட்டருக்குப் பாரசீகம் போல, சதானந்துக்கு அவருடைய நாளிதழ்களே ஆயின என்று சொன்னால் அது அநியாயம். ஒருவர் நாட்டையே குத்தகைக்கு எடுக்கப் போனார். மற்றவர் நாட்டுக்காகக் கடன்பட்டார். ஆனாலும் இரண்டு இடத்திலும் முறிந்தது ஒரே கிளைதான்: எல்லோருக்கும் பொதுவாக நின்று செய்தி தருகிறவர் தானும் ஒரு தரப்பாக மாறியது. பிறகு வந்தவர்கள் இதற்கு மாற்று வழி கண்டார்கள். 1941இல் பிரிட்டிஷ் நாளிதழ்கள் ராய்ட்டரைத் தங்கள் கூட்டு உடைமையாக்கி, எந்தத் தனி நலனும் எந்தக் குழுவும் அதைக் கைப்பற்றக் கூடாது என்று அறக்கட்டளை விதிகளில் எழுதிவைத்தன. 1947 ஆகஸ்டில் சென்னையில் பதிவு செய்யப்பட்ட பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும் நாளிதழ்களின் கூட்டு உடைமையாகவே அமைந்தது. பங்குதாரர்களுக்கு லாபப் பங்கீடு கிடையாது. 1949 பிப்ரவரியில் அது அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவின் பணிகளை ராய்ட்டரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதன் தொடக்க கால இயக்குநர்களில் சதானந்தும் இருந்தார்.

ராய்ட்டரின் கணக்குப் புத்தகங்கள் பாதுகாக்கப்பட்டு, அவற்றை வைத்து வரலாற்றாய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதே அக்கறையோடு சதானந்தின் தொழில் வாழ்க்கையையும் எழுத வேண்டும். அவரைத் தேசபக்தர் என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரு பத்திரிகையாளர் எங்கே கடன் வாங்கினார், எந்த நாளிதழ் எவ்வளவு சந்தா கட்டியது, எது எந்த மாதம் விலகியது, பிணைத்தொகை பறிபோன வாரத்தில் செய்தியாளர்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் இன்று அந்த வழியில் போகிறவர்களுக்கு உதவும். முப்பதுகளின் பத்திரிகைச் சட்ட நடவடிக்கைகள் பற்றிய அரசுக் கோப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்ப்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.